காடை ஆய்வகத்தில் என்ன செய்கிறது? குமரி மாவட்ட மாணவர்களும் வளர்ப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளும், வீட்டு விளையில் ஒரு கொட்டகை போட்டுக் காடை வளர்ப்பவர்களும் ஒரே பறவையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மாணவர் ஹார்மோனைப் பற்றிக் கேட்கிறார். வளர்ப்பவர், முட்டை ஏன் குறைந்தது என்று கேட்கிறார். பல நேரம் இரண்டுக்கும் பதில் ஒன்றே. அதனால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

ஆய்வகத்துக் காடையும் கடையில் கறிக்கு விற்கும் காடையும் ஒரே இனமா?

ஒரே இனம்தான். இரண்டும் ஜப்பானியக் காடை. அறிவியல் பெயர் கோட்டர்னிக்ஸ் ஜப்போனிக்கா. ஜப்பானில் முதலில் அதன் குரலுக்காகத்தான் கூண்டில் வைத்து வளர்த்தார்கள். முட்டைக்காகப் பெரிய அளவில் வளர்ப்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்த வம்சங்களில் பெரும்பாலானவை அழிந்தன. குரலுக்காக வளர்த்த வம்சம் அடியோடு போய்விட்டது. எஞ்சிய கொஞ்சத்தை வைத்துத்தான் மறுபடியும் பெருக்கினார்கள்.

1959இல் பேட்ஜெட், ஐவி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஒரு சிறிய கட்டுரை, இந்தப் பறவை ஆய்வகத்துக்கு ஏற்றது என்று எடுத்துச் சொன்னது. இந்தியாவுக்கு 1974இல் கலிபோர்னியாவிலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகரில் இருக்கும் மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் அதை வளர்த்துப் பரப்பியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம், நாமக்கல் என்ற பெயர்களில் நமக்கேற்ற வம்சங்களை உருவாக்கியது.

இனம் ஒன்றாக இருந்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. ஆய்வக வம்சத்தில் ஒவ்வொரு பறவைக்கும் தாய் தகப்பன் யார், எந்த நாளில் பொரித்தது, என்ன தீவனம் தின்றது என்று பதிவு இருக்கும். கடையில் வாங்கிய காடைக்கு அந்த வரலாறு கிடையாது. ஆய்வு முடிவை அடுத்தவர் செய்து சரிபார்க்க வேண்டுமானால் அந்த வரலாறு வேண்டும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் புதரில் திரியும் காட்டுக் காடையைப் பிடித்து ஆய்வு செய்யலாமா?

கூடாது. காட்டுப் பறவையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் நாட்டுக் காட்டுக் காடைகள் வேறு இனங்கள், வேறு பழக்கங்கள் கொண்டவை. அவற்றில் சில குளிர்காலத்தில் மட்டும் வந்து போகின்றன. தூரத்திலிருந்து பார்த்துக் குறிப்பெடுப்பதற்குத் தடையில்லை. அதுவே நல்ல ஆய்வு.

எலியும் கோழியும் இருக்கும்போது காடை எதற்கு?

வேகத்துக்காக. கோழி முட்டை பொரிய 21 நாள் ஆகும், காடைக்கு 17 நாள் போதும். ஏழெட்டு கிராம் எடையில் வெளியே வரும் குஞ்சு, ஆறு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரே ஆண்டில் மூன்று நான்கு தலைமுறை பார்த்துவிடலாம். மரபியல் படிப்பவருக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. கோழியில் நான்கு ஆண்டு எடுக்கும் தேர்வு வளர்ப்பை இதில் ஓர் ஆண்டில் முடிக்கலாம்.

அடுத்தது இடம். வளர்ந்த காடையின் எடை 100 முதல் 150 கிராமுக்குள் இருக்கும். ஒரு கோழிக்கு வேண்டிய இடத்திலும் தீவனத்திலும் பல காடைகளை வைத்துக்கொள்ளலாம். இது சீக்கிரம் முதுமையும் அடைகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் வாழ்க்கை முடிந்துவிடுவதால், வயதாகும்போது இனப்பெருக்க ஹார்மோன்கள் எப்படித் தளர்கின்றன என்பதை முழுவதுமாகத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. எலி பாலூட்டி, முட்டைக்குள் வளரும் கருவைத் திறந்து பார்க்கும் வாய்ப்பு அதில் கிடையாது. 2020இல் காடையின் முழு மரபணுத் தொகுதியும் வெளியானது. கோழியைப் போலவே 78 குரோமோசோம்கள்.

காடைக் கொட்டகையில் இரவில் பல்பு எரிய வேண்டும் என்கிறார்களே, உண்மையில் தேவையா?

முட்டைக்காக வளர்த்தால் தேவை. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் காடையைக் கொண்டு நடந்த மிக அழகான ஆய்வுகளில் ஒன்று இதைப் பற்றியதுதான்.

காடை பகலின் நீளத்தை அளக்கிறது. ஒரு நாளில் 8 மணி நேரம் மட்டும் வெளிச்சம் கொடுத்தால் இனப்பெருக்க உறுப்புகள் சுருங்கிக் கிடக்கும். அதே பறவையை 16 மணி நேர வெளிச்சத்துக்கு மாற்றினால், சில வாரங்களில் ஆணின் விந்தகம் நூறு மடங்கு அளவுக்கு எடை கூடும். இத்தனை தெளிவாகவும் வேகமாகவும் பகல் நீளத்துக்கு மாறும் முதுகெலும்பு விலங்குகள் குறைவு. இங்கிலாந்தில் பிரையன் ஃபாலட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, நீண்ட பகல் கொடுத்த முதல் நாள் முடிவதற்குள்ளேயே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுகிறது என்று காட்டினார்.

மூளையில் என்னதான் நடக்கிறது? ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் தகாஷி யோஷிமுராவும் உடனிருந்தவர்களும் 2003இல் இதற்குப் பதில் கண்டார்கள். நீண்ட பகல் வந்தவுடன் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியின் அடியில் ஒரு நொதி வேலையைத் தொடங்குகிறது. தைராய்டு ஹார்மோனின் மந்தமான வடிவத்தை வீரியமுள்ள வடிவமாக அது மாற்றுகிறது. அந்த ஹார்மோன்தான் இனப்பெருக்கக் கதவைத் திறக்கிறது. அந்த நொதியை எழுப்புவது எது என்பது 2008இல் தெரிந்தது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் மேல் ஓரத்தில் ஒரு சிறு பகுதி, விடிந்து சுமார் 14 மணி நேரத்துக்குப் பிறகும் வெளிச்சம் இருந்தால், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. அதிலிருந்து நான்கு மணி நேரத்தில் நொதி வேலையைத் தொடங்கிவிடும்.

இன்னும் வியப்பானது, இந்த வெளிச்சத்தைப் பார்ப்பது கண் அல்ல. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் ஊடுருவும் ஒளியை, மூளையின் ஆழத்தில் உள்ள செல்களே உணர்கின்றன. ஆப்சின்-5 என்ற ஒளியுணர் புரதம் அந்தச் செல்களில் இருப்பதை 2010இல் காடையில் கண்டார்கள்.

அப்படியானால் கன்னியாகுமரியில் பகல் போதாதா? இங்கேதான் வெயிலுக்குக் குறைவில்லையே?

வெயிலின் சூடு வேறு, பகலின் நீளம் வேறு. நம் மாவட்டம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 8 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் மிக நீண்ட பகலே 12 மணி 35 நிமிடம்தான். டிசம்பரில் 11 மணி 40 நிமிடம். ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. நகோயாவில் ஜூன் பகல் பதினான்கரை மணி நேரம் போகும்.

காடைக்கு இனப்பெருக்கம் தொடங்க வேண்டிய குறைந்தபட்சப் பகல் சுமார் பதினொன்றரை முதல் 12 மணி நேரம். ஆக, நம் ஊரின் இயற்கைப் பகல் ஆண்டு முழுவதும் அந்த எல்லைக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் பல்பு போடாத கொட்டகையில் சில பறவை முட்டையிடும், சில இடாது. மழைக்கால மூட்டத்தில் இன்னும் குறையும். விடிவதற்கு முன்னும் பொழுது சாய்ந்த பிறகும் பல்பு போட்டு மொத்தம் 16 மணி நேரம் வெளிச்சம் வரும்படி செய்யுங்கள். கண் கூசும் ஒளி வேண்டாம். நேரம் ஒழுங்காக இருப்பதுதான் முக்கியம்; ஒரு நாள் எட்டு மணிக்கு அணைத்து மறுநாள் பத்து மணிக்கு அணைத்தால் பறவை குழம்பும். டைமர் சுவிட்ச் ஒன்று மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

மாணவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. பக்கம் திறந்த கொட்டகையில் பகல் நீளம் பற்றிய ஆய்வை நம் ஊரில் செய்ய முடியாது. குறுகிய பகலுக்கு நன்றாக இருட்டடைத்த அறை வேண்டும்.

ஆண், பெண்ணை எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று வாரத்தில் நெஞ்சுச் சிறகு சொல்லிவிடும். ஆணுக்குச் செம்பழுப்பு, பெண்ணுக்கு வெளிர் நிறத்தில் கரும்புள்ளிகள். வளர்ந்த ஆணின் கழிவுத்துளைக்கு மேலே ஒரு புடைப்பு இருக்கும், அழுத்தினால் வெண்ணுரை வரும். அந்தப் புடைப்பின் அளவு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பொறுத்தது. ரத்தம் எடுக்காமலே, பறவையைத் துன்புறுத்தாமல், அளவுகோலால் அளந்து ஹார்மோன் நிலையை ஊகிக்கலாம். கோழியைப் போல் இல்லாமல், இங்கே பெண்தான் ஆணைவிடக் கனம்.

கோழிக் கருவுக்குள் காடைச் செல்லை வைத்தார்கள் என்று பாடத்தில் வருகிறதே, எதற்காக?

கருவில் ஒரு செல் எங்கே பிறந்து எங்கே போய்ச் சேருகிறது என்று கண்டுபிடிக்க. பிரெஞ்சு ஆய்வாளர் நிக்கோல் லெ துவாரென் 1969இல் வெளியிட்ட கவனிப்பு ஒன்றிலிருந்து இது தொடங்கியது. காடைச் செல்லின் உட்கருவில் டி.என்.ஏ ஒரு கட்டியாகத் திரண்டிருக்கிறது. கோழிச் செல்லில் அது பரவலாக இருக்கிறது. ஃபாயில்கன் சாயம் ஏற்றினால் நுண்ணோக்கியில் இரண்டும் பளிச்சென்று பிரிந்து தெரியும். எத்தனை முறை பிரிந்து பெருகினாலும் இந்த அடையாளம் மங்காது. வெளியிலிருந்து பூசிய சாயமாக இருந்தால் செல் பிரியப் பிரிய நீர்த்துப் போய்விடும். இந்த வேறுபாடு சும்மா கண்ணில் பட்டபோது அதை ஒரு கருவியாக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே, அதுதான் பெரிய விஷயம்.

கோழிக் கருவிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துவிட்டு, அதே வயதுள்ள காடைக் கருவின் அதே துண்டை அங்கே பொருத்துவார்கள். முட்டை ஓட்டில் ஒரு சன்னல் வெட்டி, ஊசி முனையளவுக் கருவியால் செய்யும் வேலை. கரு தொடர்ந்து வளரும். பிறகு பார்த்தால் காடைச் செல்கள் எந்தெந்த உறுப்பில் இருக்கின்றனவோ, அவையெல்லாம் அந்தத் துண்டிலிருந்து போனவை.

இப்படித்தான் நரம்பு முகடு என்ற பகுதியின் வரலாறு வெளிவந்தது. முதுகுப்புறம் நரம்புக் குழல் மூடும் இடத்திலிருந்து புறப்படும் செல்கள் தோலின் நிறமிச் செல்லாகவும், முகத்தின் எலும்பாகவும், அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதியாகவும், குடலின் நரம்பு வலையாகவும் மாறுகின்றன. குடலில் ஒரு பகுதிக்கு இந்த நரம்பு போய்ச் சேராமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. மலம் போக முடியாமல் வயிறு வீங்கும் அந்த நோய்க்கு ஹிர்ஷ்ப்ருங் நோய் என்று பெயர். அந்தக் குறை ஏன் வருகிறது என்று விளங்கியதில் காடைக் கருவுக்குப் பங்குண்டு. 1986இல் லெ துவாரெனுக்குக் கியோட்டோ பரிசு கிடைத்தது.

பொரித்து வெளிவந்த கலப்புக் குஞ்சுகளும் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தன. நோய் எதிர்ப்பு வலுப்பெற்றதும் குஞ்சின் உடல் காடைத் துண்டை அந்நியமென்று எதிர்த்தது. ஆனால் நோய் எதிர்ப்புச் செல்கள் பக்குவப்படும் சுரப்பியான தைமஸின் காடைத் திசுவையும் கூடவே பொருத்தியிருந்தால் உடல் அதை ஏற்றுக்கொண்டது. தன்னுடையது எது, அயலானது எது என்று உடல் தைமஸில்தான் கற்றுக்கொள்கிறது என்பதற்கு இது நேரடிச் சான்று.

கோழிக்குஞ்சு காடை மாதிரிக் கூவியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1988இல் எவன் பாலபன், மேரி ஆமி தெய்யே, லெ துவாரென் ஆகியோர் காடைக் கருவின் மூளைப் பகுதியைக் கோழிக் கருவில் பொருத்தினார்கள். பொரித்த சில குஞ்சுகளின் கூவல், காடையின் துண்டு துண்டான கூவல் அமைப்பில் இருந்தது. கூவும்போது தலையை ஆட்டும் விதமோ மூளையின் வேறொரு பகுதியோடு மாறியது. பிறவிப் பழக்கமும் தனித்தனித் துண்டுகளாக மூளையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதை இப்படிக் கண்ணால் பார்க்க வைத்த ஆய்வுகள் மிகக் குறைவு.

காடை ஆய்வால் மனிதருக்கு மருந்து எதுவும் வந்திருக்கிறதா?

பாம்பே நோய் என்று ஒன்று உண்டு. மும்பைக்கும் அதற்கும் தொடர்பில்லை, கண்டறிந்த மருத்துவரின் பெயர் அது. ஒரு நொதி இல்லாததால் தசைகளில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை தேங்கி, குழந்தையின் இதயமும் மூச்சும் தளரும் பரம்பரை நோய். அதே நொதி இல்லாத காடை வம்சம் ஒன்று இருந்தது. மல்லாக்கப் படுக்க வைத்தால் அந்தக் காடையால் புரண்டு எழ முடியாது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் அவற்றுக்கு அந்த நொதியை ஊசியாகச் செலுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் காடைகள் இறக்கையைத் தூக்கின, தாமே புரண்டு எழுந்தன, ஒன்று பறக்கவே செய்தது. இது 1998இல் வெளியானது. 2006இல் அந்த நொதி மனிதருக்கான மருந்தாக ஒப்புதல் பெற்றது. அதற்கு முன் அந்த நோயோடு பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை ஒரு வயதைத் தாண்டியதில்லை.

பூச்சிமருந்துச் சோதனைக்குக் காடையைப் பயன்படுத்துவது ஏன்?

வயலிலும் வாழைத்தோட்டத்திலும் தெளிக்கும் மருந்து பறவைகளை என்ன செய்யும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டியிருக்கிறது. டி.டி.டி என்ற பூச்சிமருந்து பல பறவைகளின் முட்டை ஓட்டை மெலிய வைத்தது தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இப்போது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் நெறிமுறைகளில் ஜப்பானியக் காடையும், அமெரிக்காவின் பாப்வைட் காடையும் சோதனைப் பறவைகளாகக் குறிப்பிடப்பட்டிருக்கின்றன. முட்டை எண்ணிக்கை, ஓட்டின் தடிமன், கரு பொரிக்கும் விகிதம், குஞ்சு பிழைப்பது என்று எல்லாவற்றையும் அளக்கிறார்கள். ஓர் உறுத்தலும் உண்டு: காடைக்குத் தீங்கில்லை என்பதால் தேரூர்க் குளத்துக்கு வரும் எல்லாப் பறவைக்கும் தீங்கில்லை என்று ஆகிவிடாது. இனத்துக்கு இனம் தாங்கும் அளவு வேறுபடும்.

விண்வெளியில் காடை பொரித்ததா?

ஆம். 1990 மார்ச் 22 அன்று மிர் விண்வெளி நிலையத்தில் முதல் குஞ்சு பொரித்தது. எடையற்ற நிலையில் கால் ஊன்ற முடியாமல் மிதந்ததால் அவற்றால் தாமே தீவனம் எடுக்க முடியவில்லை. கரு வளர்வதற்கு ஈர்ப்பு விசை கட்டாயமில்லை, குஞ்சு வாழ்வதற்கு வேண்டும்.

முட்டைகள் ஒரே நேரத்தில் பொரிப்பது எப்படி? இன்குபேட்டரில் டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கிறதே?

அது முட்டைக்குள்ளிருந்து வரும் சத்தம். பொரிப்பதற்கு முந்தைய நேரத்தில் கரு மூச்சுவிடும்போது எழும் ஒலி. 1960களில் மார்கரெட் வின்ஸ், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் காடை முட்டைகள் இந்தச் சத்தத்தால் தங்களை ஒத்திசைத்துக்கொள்கின்றன என்று காட்டினார். பின்தங்கிய கரு வேகம் எடுக்கும். தரையில் கூடு வைக்கும் பறவைக்கு எல்லாக் குஞ்சும் ஒன்றாக எழுந்து ஓடுவது உயிர்ப் பிரச்சினை. ஆகவே கடைசி இரண்டு நாளில் முட்டைகளைத் தள்ளித் தள்ளி வைக்காமல் நெருக்கி வையுங்கள்.

முட்டையின் புள்ளிக்கோலமும் அப்படித்தான். இடுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் அந்த நிறம் ஓட்டில் படிகிறது. ஒவ்வொரு பெட்டைக்கும் தனிக் கோலம். 2013இல் வந்த ஓர் ஆய்வில், தன் முட்டை எந்த நிறத் தரையில் கண்ணுக்குத் தெரியாமல் மறையுமோ அந்தத் தரையைத் தேர்ந்து பெட்டை முட்டையிட்டது தெரிந்தது. அப்புறம், காடை பெரும்பாலும் பிற்பகலில்தான் முட்டையிடும். காலையில் கூட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

காடை முட்டை ஆஸ்துமாவைக் குணமாக்குமா? 'ஆயிரம் கோழிக்கு அரைக் காடை' என்கிறார்களே?

நல்ல உணவு, மருந்து என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. ஐந்து காடை முட்டை சேர்ந்தால் ஒரு கோழி முட்டையின் எடை வரும். புரதமும் ஏறத்தாழ அதே. கோழி முட்டை ஒவ்வாதவர்களில் சிலருக்குக் காடை முட்டையும் ஒவ்வாது. மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் எடுப்பவர் அதை நிறுத்திவிட்டு முட்டையை நம்புவது ஆபத்து. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் வந்தால் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காடை வண்டியையும் ஏன் பார்க்கிறார்கள்?

காடையின் மூச்சுக்குழலில் பறவை வைரஸ் ஒட்டும் இடமும் உண்டு, மனிதரைத் தாக்கும் வகை ஒட்டும் இடமும் உண்டு. இரண்டு வைரஸ்கள் ஒரே செல்லில் சந்தித்து மரபணுவை மாற்றிக்கொள்ள அது வசதியான இடம். 1997இல் ஹாங்காங்கில் பரவிய வைரஸின் சில மரபணுக்கள் காடையில் இருந்த வைரஸோடு ஒத்துப்போயின; பிறகு அங்கே உயிர்ப்பறவைச் சந்தைகளில் காடை விற்பதை நிறுத்தினார்கள். நாம் செய்ய வேண்டியது: காடை, கோழி, வாத்து மூன்றையும் ஒரே கொட்டகையில் சேர்க்கக் கூடாது. குளத்துத் தண்ணீரை அப்படியே பறவைக்கு வைக்கவும் கூடாது.

இந்த ஆய்வெல்லாம் பறவைக்குக் கொடுமை இல்லையா?

கொடுமையாகவும் ஆகலாம், அதைத் தடுக்கத்தான் விதிகள். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் குழு ஒன்று ஆய்வுகளை மேற்பார்வை செய்கிறது. பதிவு பெற்ற நிறுவனத்தில், அங்குள்ள நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகுதான் காடை மீது சோதனை செய்யலாம். வேறு வழி இருக்கிறதா, குறைந்த பறவை போதாதா, வலியைக் குறைக்க என்ன ஏற்பாடு என்று அந்தக் குழு கேட்கும். கேட்க வேண்டும்.

தாளில் ஒப்புதல் கிடைத்தால் மட்டும் போதும் என்று நான் நினைக்கவில்லை. காடை பயந்தால் நேராக மேலே எகிறும். கம்பிக் கூரையில் தலை மோதிச் செத்துப்போகும் பறவைகள் உண்டு. மேலே வலையோ துணியோ கட்டினால் இதைத் தவிர்க்கலாம். புழுதியில் புரள்வது அதன் இயல்பு. ஒரு தட்டில் மணல் வைக்கப் பெரிய செலவில்லை. பயந்து நடுங்கும் பறவையின் ஹார்மோனை அளந்தால் கிடைக்கும் எண்ணும் பயத்தின் எண்ணாகத்தான் இருக்கும். பறவையை நன்றாக வைத்திருப்பது அறம் மட்டுமல்ல, ஆய்வின் தரமும் அதில்தான் இருக்கிறது. பண்ணைக்கும் இதே பேச்சுதான்.

ஆடி மாதச் சாரலில் குஞ்சுகள் கூட்டமாகச் செத்துப்போகின்றன. என்ன செய்வது?

முதல் வாரம் புரூடருக்குள், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் அடைப்புக்குள், 35 முதல் 37 டிகிரி சூடு வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி அளவில் குறைத்துக்கொண்டு வரலாம். காற்றோடு சாரல் அடிக்கும் பக்கத்தைத் தார்ப்பாயால் மறையுங்கள், மேலே கொஞ்சம் காற்றோட்டம் விட்டு. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள். இந்த அளவுக் குஞ்சு அரை அங்குலத் தண்ணீரில்கூட மூழ்கிவிடும். வழுக்கும் செய்தித்தாளை விரித்தால் கால் விரிந்து ஊனமாகும், சாக்கு விரியுங்கள். கரண்ட் போனால் மாற்று ஏற்பாடு கட்டாயம். இதற்கு மேலும் சாவு நிற்கவில்லை என்றால் இறந்த குஞ்சை மூடிய பையில், ஐஸ் வைத்து, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

அனுமதி வாங்கி ஆய்வகம் அமைக்கும் வசதி எங்கள் கல்லூரியில் இல்லை. காடையை வைத்து வேறென்ன செய்யலாம்?

பக்கத்துப் பண்ணையில், பறவையைத் தொடாமல் கவனிக்கும் வேலை நிறைய இருக்கிறது. எந்த மணியில் எத்தனை முட்டை விழுகிறது, பல்பு நேரத்தை மாற்றிய வாரத்தில் என்ன ஆனது, ஒரே பெட்டையின் முட்டைக் கோலம் நாளுக்கு நாள் எவ்வளவு ஒத்திருக்கிறது, எகிறி மோதும் சத்தம் எப்போது அதிகம். உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, கை கழுவிவிட்டு உள்ளே போங்கள். ஒரு நோட்டில் தேதி, வெளிச்சம் போட்ட நேரம், அணைத்த நேரம், கொட்டகை வெப்பநிலை, முட்டை எண்ணிக்கை, கரண்ட் போன நேரம் என்று ஆறு பத்தி போடுங்கள். கரண்ட் போன பத்தியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு முட்டை ஏன் குறைந்தது என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை. குறைந்தது மூன்று மாதம் எழுதினால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பேராசிரியரிடம் போகலாம்.